ஆர்டினன்ஸ் போர்டு: ஓர் அலுவலகம் மூடப்பட்ட கதை

நம் சங்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்பாவோ, மாமாவோ, அத்திம்பேரோ ஏதாவது ஓர் 'ஆர்டினன்ஸ் ஃபேக்டரி'யில் வேலை பார்த்தவராக இருப்பார். கிர்க்கி, அம்பர்நாத், ஜபல்பூர், இஷாபூர், கான்பூர் என்று ஊர்ப்பெயர்கள்தான் மாறும். சென்ற மாதம் என் பேரன், "தாத்தா, கவர்மென்ட் அவசரமாகப் போடும் சட்டத்துக்கும் ஆர்டினன்ஸ் என்றுதானே பேர்? பீரங்கிக்கும் அதே பேரா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இரண்டும் ஒரே சொல்தான். 'ஏற்பாடு, ஒழுங்கு' என்று பொருள்படும் சொல், படைக்கான ஏற்பாடு என்றாகி, பிறகு பீரங்கியையே குறிக்க வந்துவிட்டது. எழுதும்போது நடுவில் ஓர் எழுத்தைக் குறைத்து வேறுபடுத்தினார்கள், அவ்வளவே.

பேரனுக்கு அத்துடன் திருப்தி. எனக்குத்தான் ஆகவில்லை. முப்பத்தைந்து வருஷம் அரசாங்க உத்தியோகத்தில் சரக்குப் பரிசோதனை, கொள்முதல் என்று காலம் தள்ளியவன் நான். நம் தொழிற்சாலைகளுக்கெல்லாம் பாட்டனார் ஸ்தானத்தில் இருக்கும் பிரிட்டிஷ் 'போர்டு ஆஃப் ஆர்டினன்ஸ்' பற்றிப் படிக்க ஆரம்பித்தவன், விடமுடியாமல் மூன்று மாதம் அதிலேயே மூழ்கிவிட்டேன்.

இங்கிலாந்தில் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அரசரின் பீரங்கிகளைக் கவனிக்க ஓர் அதிகாரி உண்டு. 1414-இல் நிக்கலஸ் மெர்பரி என்பவர் அந்தப் பதவியில் நியமிக்கப்பட்டார். அலுவலகம் லண்டன் கோபுரத்தில் இருந்தது. எட்டாம் ஹென்றி காலத்தில் அது விரிவடைந்தது. 1683-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் யார் யார் என்ன செய்யவேண்டும் என்று விரிவான விதிமுறைகளை வெளியிட்டார்.

அந்த விதிகளின் அமைப்பைப் பார்த்தபோது, உத்தியோகத்தில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. தலைவர் மாஸ்டர் ஜெனரல். அவருக்கு அடுத்தவர் லெப்டினன்ட் ஜெனரல். சர்வேயர் ஜெனரல் என்பவர் வந்த சரக்கின் தரத்தையும் அளவையும் பார்ப்பார். ஸ்டோர்கீப்பர் அதைக் காப்பார். வெளியே அனுப்புவதற்குத் தனியாக ஒரு கிளார்க். கணக்கு எழுதத் தனியாக ஒரு கிளார்க். ('கிளார்க்' என்றதும் நம்மூர் குமாஸ்தாவை நினைத்துவிடக் கூடாது, பெரிய பதவி அது.) பணம் கொடுக்கப் பொருளாளர் வேறு. வாங்குபவர் பரிசோதிக்கக்கூடாது, பரிசோதிப்பவர் சாவி வைத்திருக்கக்கூடாது, சாவி வைத்திருப்பவர் கணக்கு எழுதக்கூடாது. நாங்கள் வேலையில் சேர்ந்தபோது மனப்பாடம் செய்த கோட்பாடு இதுவேதான். அங்கே லஞ்சமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அக்காலத்துப் பதவிகளில் கிம்பளம் சகஜம். ஆனாலும் அமைப்பு சரியானது.

இந்த போர்டுக்கு இன்னொரு விசேஷம். பீரங்கிப்படையும் பொறியாளர் படையும் ராணுவத் தளபதியின் கீழ் இல்லை. போர்டின் கீழ் இருந்தன. மற்ற படைப்பிரிவுகளில் பணம் கொடுத்து அதிகாரி பதவியை வாங்கலாம். பணக்கார வீட்டுப் பிள்ளை ஒரே பாய்ச்சலில் கர்னல் ஆகிவிடுவான். பீரங்கிப்படையில் அது நடக்காது. 1741-இல் வூலிச்சில் போர்டு ஒரு ராணுவக் கல்விக்கழகம் தொடங்கியது. அங்கே கணிதமும் கோட்டைக் கட்டுமானமும் படித்துத்தான் அதிகாரியாக முடியும்; பிறகு ஸீனியாரிட்டிப்படிதான் உயர்வு. அங்கே 34 வருஷம் கணிதம் கற்பித்த சார்லஸ் ஹட்டன், சிறுவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். வேதியியல் பாடம் நடத்தியவர்களில் ஒருவர், 1830 முதல் இருபதாண்டுகளுக்கு மேலாக, மைக்கேல் ஃபாரடே!

ஹட்டன் பீரங்கிக் குண்டின் வேகத்தை அளந்து ராயல் சொஸைட்டியின் பதக்கம் பெற்றவர். அளக்கும் முறை அவருடையதல்ல, பெஞ்சமின் ராபின்ஸ் என்பவருடையது. ஊசலாடும் ஒரு கனமான மரக்கட்டையில் குண்டைச் சுடவேண்டும். கட்டை எவ்வளவு தூரம் பின்னுக்கு ஆடியது என்று பார்த்து, உந்தம் மாறாது என்ற விதியைக்கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிடலாம். நாம் பி.எஸ்ஸி.யில் படித்த அதே ஊசல்தான். காற்றின் தடை அதுவரை நினைத்ததைவிடப் பன்மடங்கு அதிகம் என்று இதன்மூலம் நிரூபித்தார். 1742-இல் வந்த அவருடைய நூலை ஆய்லர் என்ற மாபெரும் கணித மேதையே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். இந்த ராபின்ஸ் எங்கே காலமானார் தெரியுமோ? நம் கடலூரில். கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைப் பலப்படுத்த அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750-இல் வந்தவர், 1751 ஜூலையில் ஜுரம் கண்டு தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார். வயது 44. சின்ன வயதில் விடுமுறைக்குக் கடலூர் போய் அந்தக் கடற்கரையில் விளையாடியிருக்கிறேன். ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

போர்டின் இன்னொரு பெரிய வேலை வெடிமருந்து. அதில் நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். குளிர்ந்த இங்கிலாந்தில் அது எளிதில் கிடைக்காது. பீஹாரில் மாடுகள் கட்டிய பழைய மண்ணில், வெயிலும் ஈரமும் மாறிமாறி அடிக்க, தானாகப் பூக்கும். நோனியா என்ற ஜாதியார் அந்த மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, சாம்பல் சேர்த்துக் காய்ச்சி எடுப்பார்கள். சாம்பலில் உள்ள பொட்டாஷ்தான் மண்ணிலுள்ள கால்சியம் நைட்ரேட்டை மாற்றுகிறது. எழுத்தறியாத அந்த மனிதர்களுக்கு அந்த ரசாயனம் கைப்பழக்கம். 1693-ஆம் வருஷத்துச் சாசனப்படி கம்பெனி ஆண்டுக்கு 500 டன் வெடியுப்பை அரசுக்குத் தரவேண்டும். சமாதான காலத்துக்கு ஒரு விலை, யுத்த காலத்துக்கு ஒரு விலை. பிளாஸி யுத்தத்துக்கு மறுவருஷம், 1758-இல், பீஹார் வெடியுப்பு முழுவதும் கம்பெனியின் ஏகபோகமாயிற்று. பிளாஸி என்றால் வங்காளத்து வரிப்பணத்தை நினைக்கிறோம். இந்த உப்பை யாரும் நினைப்பதில்லை.

வெடிமருந்தைத் தனியார் ஆலைகளிடம் வாங்கிக்கொண்டிருந்த போர்டு, 1759-இல் ஃபாவர்ஷாம் ஆலையையும் 1787-இல் வால்தம் ஆபி ஆலையையும் தானே வாங்கியது. அரசாங்க ஆலைகளை விற்றுவிடலாம் என்று பிரதமர் பிட் நினைத்தபோது, தனியாரிடம் வாங்குவதைவிட நாமே செய்தால் மலிவாகவும் தரமாகவும் இருக்கும் என்று வாதாடி நிறுத்தியவர் வில்லியம் காங்கிரீவ். (திப்புவின் ராக்கெட்டுகளைப் பார்த்து வூலிச்சில் ராக்கெட் செய்தவர் இவருடைய மகன்.) இந்த விவாதம் நமக்கும் பழக்கமானதுதானே! கரியை மூடிய இரும்புப் பாத்திரத்தில் சுட்டால் மருந்தின் வலிமை கூடும் என்று யோசனை சொன்னவர் ஒரு பிஷப். கேம்பிரிட்ஜில் வேதியியல் பேராசிரியராக இருந்த ரிச்சர்ட் வாட்ஸன். மதகுருவான நான் மனிதரைக் கொல்ல வழி சொன்னேனே என்று அவர் வருந்தியபோது, யுத்தம் சீக்கிரம் முடிந்தால் சாவும் குறையும் என்று மன்னர் மூன்றாம் ஜார்ஜ் சமாதானம் சொன்னாராம். அந்தச் சமாதானத்தை இன்றும் எத்தனையோ பேர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மாஸ்டர் ஜெனரல்களாக இருந்தவர்களில் நமக்குத் தெரிந்த பெயர்கள் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணத்தை 1792-இல் முற்றுகையிட்ட கார்ன்வாலிஸ், 1795 முதல் 1801 வரை. 1799 யுத்தத்தில் அங்கே போரிட்ட ஆர்தர் வெல்லெஸ்லி, வெலிங்டன் பிரபுவான பிறகு 1819 முதல் 1827 வரை.

இனி முடிவைச் சொல்கிறேன்.

1854-இல் ரஷ்யாவுடன் கிரிமியா யுத்தம் வந்தது. பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிப் போனவர் ராக்லன் பிரபு. அவர்தான் அப்போது மாஸ்டர் ஜெனரலும்! பதவியை விடாமலேயே போர்க்களம் போனார். லண்டனில் போர்டின் நாற்காலி காலி. லெப்டினன்ட் ஜெனரலாக இருந்த ஸர் ஹியூ ராஸ் என்ற வயோதிகர் பார்த்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில் சிப்பாய்கள் பட்ட பாடு உலகறிந்தது. குண்டுபட்டு இறந்தவர்களைவிட நோயில் இறந்தவர்கள் பன்மடங்கு. காபிக்கொட்டையை வறுக்காமல் பச்சையாகக் கொடுத்தார்கள். பனியில் விறகுகூட இல்லாத சிப்பாய் அதை எதில் வறுப்பான், எதில் அரைப்பான்? வைட்டமின் குறைவால் ஈறு வீங்கிப் பல் ஆடிக்கொண்டிருந்தபோது, டிசம்பரில் வந்திறங்கிய எலுமிச்சைச் சாறு பிப்ரவரி வரை விநியோகம் ஆகவில்லை. 'டைம்ஸ்' நிருபர் ரஸ்ஸல் இதையெல்லாம் எழுத, நாடே கொதித்தது. 1855 ஜனவரி 29-ஆம் தேதி பார்லிமென்டில் விசாரணைத் தீர்மானம் 305-க்கு 148 என்று நிறைவேறி, அபர்டீன் மந்திரிசபை கவிழ்ந்தது.

இங்கேதான் வாசகர்கள் சற்று நிதானிக்க வேண்டும். காபியும் எலுமிச்சைச் சாறும் யார் பொறுப்பு? ஆர்டினன்ஸ் போர்டு அல்ல. உணவும் போக்குவரத்தும் 'கமிஸாரியட்' என்ற துறையின் வேலை. அது 1854 டிசம்பர் வரை கருவூலத்தின் கீழ் இருந்தது. அங்கே உயரதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன். பின்னால் 1859-இல் நம் சென்னைக்கு கவர்னராக வந்தவர், அதே 1854-இல் அரசு வேலைக்குப் போட்டித் தேர்வு வேண்டும் என்று அறிக்கை எழுதியவர். நாமெல்லாம் பரீட்சை எழுதி உத்தியோகம் பார்த்ததற்கு ஆதியில் அவரும் ஒரு காரணம். காலாட்படை, குதிரைப்படை வேறொருவரிடம். படைக்கணக்கு இன்னொரு செயலரிடம். உள்நாட்டுக் காவல்படை உள்துறையிடம். எல்லாவற்றையும் ஒன்றாக்கவேண்டும் என்று 1837-இலேயே ஹோவிக் பிரபுவின் குழு சொல்லியிருந்தது. வெலிங்டன் எதிர்த்தார், கிடப்பில் போட்டார்கள்.

போர்டு தன் பங்கைப் பெரும்பாலும் ஒழுங்காகவே செய்திருந்தது. சிப்பாய்களிடம் ரஷ்யர்களைவிட நல்ல துப்பாக்கி இருந்தது. அதே சமயத்தில் அமெரிக்காவுக்கு ஆளனுப்பி, ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் பொருந்தும்படி செய்யும் இயந்திரங்களை வாங்கி என்ஃபீல்டில் நிறுவ ஏற்பாடும் செய்தது. போர்டு மீது குற்றமே இல்லை என்று வாதாட மாட்டேன். நூற்றைம்பது வருஷத்துப் பழைய நடைமுறையில் ஒவ்வொரு காகிதமும் ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. தன் அதிகாரத்தில் பிறர் கைவைக்க விடாது. தலைவர் இல்லாத நேரத்தில் முடிவெடுக்கத் துணிவில்லை. என்றாலும் தண்டனை எப்படி விழுந்தது பாருங்கள். 1855 மே 25-ஆம் தேதி போர்டின் உரிமைச் சாசனம் ரத்தாகி, எல்லாம் யுத்த மந்திரியிடம் ஒப்படைக்கப்பட்டது. தலைவர் ராக்லன் அப்போது செவாஸ்டபோல் எதிரே கூடாரத்தில் இருந்தார். அடுத்த மாதம் 28-ஆம் தேதி அங்கேயே இறந்தார். ட்ரெவெல்யன் கருவூலத்தில் தன் நாற்காலியிலேயே இருந்தார்.

இதைப் படித்தபோது அடியேனுக்கு ஒரு பழைய நினைவு. பெயர் வேண்டாம். நாங்கள் பரிசோதித்து உரிய நாளில் பாஸ் செய்த ரசாயன டிரம்கள் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் நான்கு மாதம் கிடந்தன. டெமரேஜ் யார் கட்டுவது என்று இரண்டு செக்ஷன்கள் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தன. மழையில் டிரம் துருவேறிச் சரக்கு கெட்டது. விசாரணை வந்தது. மறுவருஷம் கலைக்கப்பட்ட செக்ஷன் எங்களுடையது. ஏன் என்று கேட்டதற்கு, "கெட்டது சரக்கு; சரக்கின் தரம் உங்கள் பொறுப்பு" என்றார்கள். வூலிச்சில் 1855-இல் மேஜையை ஒழித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு வயதான கிளார்க்கும் இப்படி ஒரு வாசகத்தைக் கேட்டிருப்பார் என்று தோன்றியது.

நம் நாட்டுக் கிளை அதிக நாள் ஓடியது. 1775-இல் கம்பெனி கல்கத்தா வில்லியம் கோட்டையில் இதே பெயரில் ஒரு போர்டு வைத்தது. காசிப்பூர் பீரங்கி வண்டித் தொழிற்சாலை 1802 மார்ச் 18-இல் உற்பத்தி தொடங்கியது. அந்த நாளைத்தான் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி தினம் என்று கொண்டாடினோம். சுதந்திர இந்தியாவின் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டு 1979-இல் அமைந்து, 2021 அக்டோபர் 1-ஆம் தேதி கலைக்கப்பட்டது. 41 தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாயின. அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி ஒன்றில், ஆவடி ஒன்றில், திருச்சி இன்னொன்றில்.

பிரிட்டனில் அந்தப் பழைய பெயர் ஓரிடத்தில் மட்டும் அன்றாடப் புழக்கத்தில் நிற்கிறது. பிரெஞ்சுப் படையெடுப்புக்குப் பயந்து 1791-இல் தென்கரையை அளக்க போர்டு ஏற்படுத்திய 'ஆர்டினன்ஸ் சர்வே'. அந்த முக்கோண அளவை முறையைப் பின்பற்றித்தான் 1802-இல் லாம்ப்டன் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்தார். இங்கிலாந்தில் இருக்கும் என் மகள் வாரக் கடைசியில் மலை ஏறப் போகும்போது கையில் வைத்திருப்பது அவர்கள் போட்ட வரைபடம்தான். போனமுறை வந்தபோது எனக்கு ஒன்று கொண்டு வந்தாள். மடித்தால் பையில் அடங்கும்; கிணறு, வேலி, ஒற்றையடிப் பாதை எல்லாம் இருக்கிறது. அட்டையில் 'ஆர்டினன்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே என்று பேரனிடம் காட்டினேன். "இதில் பீரங்கி எங்கே தாத்தா?" என்றான்.