உளவின் விலை: அந்தமான், 1942–1945

ஜெரால்ட் தாமஸ் இயக்கி 1964-இல் வெளிவந்த 'கேரி ஆன் ஸ்பையிங்', ஜேம்ஸ் பாண்ட் வகைப் படங்களைக் கேலி செய்த பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம். களவு போன ஒரு ரகசிய சூத்திரத்தை மீட்க, வேலை தெரியாத உளவாளிகள் வியன்னாவுக்கும் அல்ஜியர்சுக்கும் ஓடுகிறார்கள். தடுக்கி விழுந்தே ஜெயிக்கிறார்கள். அவர்கள் செய்யும் பிழைகளால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதால்தான் நம்மால் சிரிக்க முடிகிறது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன், உண்மையான பிரிட்டிஷ் உளவாளிகள் இயங்கிய அந்தமானில் நிலைமை நேர்மாறாக இருந்தது. அங்கே உளவின் விலையைக் கொடுத்தவர்கள் உளவாளிகளும் அல்லர், அவர்களைத் தேடியவர்களும் அல்லர். இரு தரப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தீவு மக்களே என்பது இக்கட்டுரையின் வாதம்.

1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் போர்ட் பிளேரைக் கைப்பற்றினர். 1943 ஜனவரியில், முன்பு அங்கே போலீஸ் கண்காணிப்பாளராக இருந்த டெனிஸ் மெக்கார்த்தியின் சிறு பிரிட்டிஷ் உளவுக் குழு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து ரகசியமாகக் கரையிறங்கியது. காட்டுக்குள் மறைந்திருந்து வேவு பார்த்த அக்குழு ஜப்பானியர் கையில் சிக்கவே இல்லை. ஆனால் ஜப்பானியக் கப்பல்கள் அடுத்தடுத்து மூழ்கடிக்கப்பட்டபோது, ஊருக்குள்ளிருந்துதான் தகவல் போகிறது என்று ஜப்பானியர் முடிவு கட்டினர். சந்தேகம் இந்திய அதிகாரிகள் மீதும் படித்தவர்கள் மீதும் விழுந்தது. அந்தமானில் இந்திய சுதந்திர லீக்கை முன்னின்று நடத்திய மருத்துவர் திவான் சிங்கும் தப்பவில்லை. 1943 டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேரில் கொடியேற்றியபோது, திவான் சிங் செல்லுலார் சிறையில் வதைபட்டுக்கொண்டிருந்தார். 1944 ஜனவரி 14 அன்று உயிர் நீத்தார். இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 30 அன்று, ஹம்ப்ரேகஞ்சில் 44 பேர் ஒற்றர்கள் என்ற பழியோடு சுட்டுக் கொல்லப்பட்டனர்.

ஒற்றர்கள் வந்தது உண்மைதானே, ஜப்பானியரின் அச்சத்தை ஆதாரமற்றது என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். அச்சத்துக்குக் காரணம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வந்தவர்கள் காட்டில் இருந்தார்கள். தண்டனை பெற்றவர்கள் ஊரில் இருந்தார்கள். இரு தரப்பையும் இணைக்க ஜப்பானியர் நம்பியது சித்திரவதையில் பிடுங்கிய வாக்குமூலங்களை. அடி தாங்காமல் ஒருவர் சொன்ன பெயர் அடுத்த கைதுக்குச் சான்றானது. சந்தேகம் தனக்குத் தானே சாட்சி சொன்னது. ஜப்பானின் துணையோடு விடுதலை பெற முயன்ற லீக்கைச் சேர்ந்தவர்களே பலியானவர்களில் இருந்தார்கள் என்பது, இந்த முறை எவ்வளவு தவறானது என்பதற்குப் போதிய சான்று. 1944 பிப்ரவரியில் போஸின் ஆசாத் ஹிந்த் அரசின் ஆணையராகப் பொறுப்பேற்ற தமிழரான ஏ. டி. லோகநாதனாலும் இந்தக் கொடுமைக்கு முடிவு கட்ட இயலவில்லை. போலீஸ் அதிகாரத்தை ஜப்பானியர் அவரிடம் ஒப்படைக்கவே இல்லை.

கேலிப் படத்தை வரலாற்றோடு ஒப்பிடுவது அந்தப் படத்துக்குச் செய்யும் அநீதி என்றும் சிலர் சொல்லக்கூடும். படத்தின் மீது இங்கே குற்றச்சாட்டு ஏதுமில்லை. உளவாளியைக் கோமாளியாக்கிச் சிரிப்பது, அந்தத் தொழிலின் பொய்ப் பெருமையை உடைக்கும் நல்ல வேலை. ஆனால் வீர சாகசக் கதையைப் போலவே கேலிக் கதையும் உளவாளியைத்தான் நடுவில் நிறுத்துகிறது. மெக்கார்த்தியின் சாகசம் ராணுவ வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. ஹம்ப்ரேகஞ்சில் நினைவிடம் இருந்தும், அங்கே மடிந்தவர்களைத் தீவுகளுக்கு வெளியே அறிந்தவர் குறைவு. அந்தமானின் போர்க்காலத்தை எழுதுகிறவர்கள் ஒற்றரிடமிருந்து தொடங்காமல், ஒற்றர் என்று பழிக்கப்பட்டவரிடமிருந்து தொடங்க வேண்டும்.