மின்னணுச் சான்று கோரல் (அமெரிக்க உரிமையியல் வழக்குகள்)

உரிமையியல் வழக்கில் எதிர்த்தரப்பின் கணினி, சர்வர், கைபேசி ஆகியவற்றில் உள்ள மின்னஞ்சல், கோப்பு, குறுஞ்செய்தி முதலியவற்றை விசாரணைக்கு முன்பே கேட்டு வாங்கும் நடைமுறை. இது முழு வளர்ச்சி பெற்றது அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களில். அங்கே பெரும்பாலான உரிமையியல் வழக்குகள் ஜூரியின் முன் போவதே இல்லை; சமரசத்திலோ விசாரணைக்கு முந்தைய உத்தரவிலோ முடிந்துவிடுகின்றன. எனவே சான்று கைக்கு வரும் கட்டத்திலேயே வழக்கின் போக்கு பெரும்பாலும் தெரிந்துவிடும். இத்துறையின் வரலாற்றில் ஒரே திசை உண்டு: வழக்குரைஞர் ஆயத்தமாகத் தொடங்க வேண்டிய நாள் முன்னே முன்னே நகர்ந்து, வழக்கு பதிவாவதற்கும் முன்னால் போய் நின்றது.

1938இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள், இரு தரப்பும் தங்களிடம் உள்ள ஆவணங்களை மற்றவருக்குக் காட்டியாக வேண்டும் என்ற ஏற்பாட்டை நிலைநிறுத்தின. அன்று ஆவணம் என்றால் காகிதம். 1970ஆம் ஆண்டுத் திருத்தம் கணினித் தரவுத் தொகுப்புகளையும் ஆவணக் கோரிக்கை பற்றிய 34ஆம் விதிக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் வழக்குரைஞர்கள் நெடுங்காலம் அச்செடுத்த தாள்களையே கேட்டு வாங்கி, பெட்டி பெட்டியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கணினியில் தேடுவது எவ்வளவு வழுக்கலான வேலை என்பதை 1985இல் பிளேர், மேரன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு பெரிய வழக்குக்காகக் கணினியில் ஏற்றப்பட்ட சுமார் 40,000 ஆவணங்களில் வழக்குரைஞர் குழு தேடியது. வேண்டியவற்றில் முக்கால் பங்கு அகப்பட்டுவிட்டது என்று அவர்கள் நம்பினார்கள். அகப்பட்டதோ ஐந்தில் ஒரு பங்குதான். ஒரு தரப்பு ‘விபத்து’ என்று எழுதியதை இன்னொரு தரப்பு ‘சம்பவம்’ என்றும் ‘பிரச்சினை’ என்றும் எழுதியிருந்தது. எதிராளியின் அலுவலகத்தில் எந்த விஷயத்தை எந்தச் சொல்லால் குறித்தார்கள் என்று முதலில் அறியாதவர் கையில் தேடல் சொற்பட்டியல் பயன் தராது. இந்தப் பாடம் இன்றும் பழையதாகவில்லை.

துறையின் திருப்புமுனை, நியூயார்க்கில் நடந்த ஜுபுலேக் எதிர் யுபிஎஸ் வார்பர்க் வழக்கு. அந்த வங்கியின் பங்கு வர்த்தகத்தில் உயர்பதவி வகித்த லாரா ஜுபுலேக், பெண் என்பதால் தம்மிடம் பாகுபாடு காட்டப்பட்டது என்றும், புகார் செய்ததற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகவும் வழக்குத் தொடுத்தார். வங்கி கொடுத்த ஆவணங்களில் மின்னஞ்சல்கள் சுமார் 100 பக்கம். ஜுபுலேக் தம் கைவசமிருந்து தாக்கல் செய்ததோ சுமார் 450 பக்கம். மீதி எங்கே என்று கேட்க அவருக்கு இதைவிட நல்ல பிடிமானம் தேவைப்படவில்லை. அவை பேக்கப் டேப்களில் இருந்தன. அவற்றை மீட்டெடுக்கப் பெருஞ்செலவாகும் என்று வங்கி மறுத்தது. நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் 2003இல் பிறப்பித்த உத்தரவு நடைமுறை அறிவு மிக்கது: வாதி தேர்ந்தெடுக்கும் ஐந்து டேப்களை மட்டும் முதலில் மீட்டுப் பாருங்கள், செலவை யார் ஏற்பது என்பதைப் பிறகு பார்ப்போம். அந்த ஐந்திலிருந்தே சுமார் 600 பொருத்தமான மின்னஞ்சல்கள் வெளிவந்தன. மற்ற டேப்களை மீட்கும் செலவில் முக்கால் பங்கை வங்கியும் கால் பங்கை ஜுபுலேக்கும் ஏற்க வேண்டும் என்று தீர்ப்பானது.

இதே வழக்கின் நான்காம் தீர்ப்புதான் காலக்கோட்டை நகர்த்தியது. ஜுபுலேக் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தது 2001 ஆகஸ்டில். ஆனால் ஏப்ரலிலேயே சக அதிகாரிகள் சிலர் அவரைப் பற்றிய மின்னஞ்சல்களுக்கு ‘வழக்குரைஞர் - கட்சிக்காரர் இரகசியம்’ என்று தலைப்பிட்டிருந்தார்கள். அவற்றில் எந்த வழக்குரைஞரின் முகவரியும் இல்லை. வழக்கு வரும் என்று அப்போதே எதிர்பார்த்தார்கள் என்பதற்கு வேறென்ன வேண்டும்? ஆகவே தரவுகளைக் காக்கும் கடமை ஏப்ரலிலேயே பிறந்துவிட்டது என்றார் நீதிபதி. 2004இல் வந்த ஐந்தாம் தீர்ப்பு வழக்குரைஞர்களையே குறிவைத்தது. ‘எதையும் அழிக்காதீர்கள்’ என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிட்டால் போதாது. கணினிப் பிரிவினரிடமும் முக்கிய ஊழியர்களிடமும் நேரில் பேசி, எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அழிந்துபோன மின்னஞ்சல்கள் வங்கிக்குப் பாதகமானவை என்று ஊகித்துக்கொள்ள ஜூரிக்கு அனுமதி கிடைத்தது. 2005 ஏப்ரலில் ஜூரி வழங்கிய தொகை சுமார் 2.9 கோடி டாலர்.

2006 டிசம்பர் 1 முதல் ‘மின்னணு முறையில் சேமிக்கப்பட்ட தகவல்’ விதிகளில் தனி இடம் பெற்றது. அதன்பின் வாதியின் வழக்குரைஞர் செய்யும் ஆயத்தம் ஏறத்தாழ ஒரே வரிசையில் நடக்கிறது. வழக்குத் தொடுக்கும் முன்பே, இன்னின்ன கணக்குகளையும் கருவிகளையும் கலைக்காதீர்கள் என்று எதிர்த்தரப்புக்குக் கடிதம் போகும். தொடக்கத்தில் இரு தரப்பு வழக்குரைஞர்களும் கூடிப் பேசும் 26(எஃப்) சந்திப்பில் சர்வர்கள், தானாக அழியும் அமைப்புகள், தேடல் சொற்கள் ஆகியவை பேசப்படும். கோப்புகளை எந்த வடிவில் தர வேண்டும் என்பதையும் கேட்பவரே குறிப்பிடலாம். இதை அலட்சியம் செய்பவர் பின்னால் வருந்துவார். ஒரு எக்செல் கோப்பு படமாக வந்தால் அதன் சூத்திரங்கள் தெரியாது. யார், எப்போது திருத்தினார் என்ற மெட்டாடேட்டாவும் போய்விடும். நிறுவனத்தின் சார்பில் விவரம் அறிந்த ஒருவரைச் சத்தியப் பிரமாணத்தில் விசாரிக்க 30(பி)(6) விதி இடம் தருகிறது. மின்னஞ்சல் சேவை நிறுவனத்துக்கு நேராகச் சம்மன் அனுப்பிக் கடிதங்களின் உள்ளடக்கத்தை வாங்க 1986ஆம் ஆண்டு மின்தகவல் தனியுரிமைச் சட்டம் தடையாக இருப்பதால், கணக்குக்கு உரியவரிடமே கேட்க வேண்டும்.

குவியல் பெருகியபோது, தேடலுக்கு உதவக் கணினியையே பயிற்றுவிக்கும் முறை வந்தது. 2012இல் டா சில்வா மூர் வழக்கில் நீதிபதி ஆண்ட்ரூ பெக் அதை ஏற்றார். 2015ஆம் ஆண்டுத் திருத்தம், கோரிக்கை வழக்கின் தேவைக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்தியது. தரவை இழந்த தரப்புக்குப் பாதகமாக ஊகிக்க வேண்டுமானால், அந்த இழப்பு வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று காட்ட வேண்டும் என்றும் அத்திருத்தம் வரையறுத்தது. சம்மன் சேர்ந்து 21 நாள் கழிந்தால், 26(எஃப்) சந்திப்புக்கு முன்பே ஆவணக் கோரிக்கையைக் கொடுக்கவும் வழி திறந்தது.

டேப்களின் இடத்தை இப்போது உரையாடல் செயலிகள் பிடித்திருக்கின்றன. கூகுள் பிளே ஸ்டோர் ஏகபோக வழக்கில், ஊழியர்களின் உரையாடல்கள் 24 மணி நேரத்தில் தானாக அழியும் அமைப்பு நிறுத்தப்படவில்லை. எதைக் காப்பது என்ற முடிவு ஊழியர்களிடமே விடப்பட்டிருந்தது. தரவைக் காக்கும் கடமையில் கூகுள் தவறியதாக நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தார். இப்போது வாதிகள் அனுப்பும் முதல் கடிதங்களில் உரையாடல் செயலிகளின் பெயர்களும் அவற்றின் அழிப்பு அமைப்பை நிறுத்தும் கோரிக்கையும் தனியே இடம்பெறுகின்றன.