மூன்று முறை தொடங்கிய வித்தை

தமிழ் அச்சின் சரித்திரத்தை நாம் ஒரே வருஷத்தோடு முடித்துக்கொள்கிறோம். 1578. கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. இந்திய லிபியில் அச்சான முதல் புத்தகம் தமிழ்ப் புத்தகம். மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்க இவ்வளவு போதும். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டால்தான் இந்தப் பெருமை நெளிய ஆரம்பிக்கிறது.

ஹென்றிக்கஸ் பாதிரியாரின் மொழிபெயர்ப்பு அது. பதினாறே பக்கம். முந்திய வருஷம் கோவாவில் கோன்சால்வஸ் என்ற சேசு சபைச் சகோதரர் வார்த்த எழுத்துக்கள் திருப்திகரமாக அமையவில்லை. கொல்லத்தில் ஃபாரியா வேறு எழுத்துக்களை வார்த்தார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு ஊர் எழுத்துக்களும் மாதிரிக்குக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. சரியாக வராததையும் வந்ததையும் ஒரே பக்கத்தில் அச்சடித்துக் காட்டத் தோன்றுவது, சொந்தக் கையால் செய்து பார்த்தவர்களுக்கு மட்டும்தான்.

1586இல் ஹென்றிக்கஸின் அடியார் வரலாறு வந்தது. அப்புறம் பல பதிற்றாண்டுகளுக்குத் தொடர்ச்சி என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. 1679இல் கேரளத்து அம்பழக்காட்டில் ப்ரோயென்சாவின் தமிழ் - போர்த்துகீசிய அகராதி அச்சேறுகிறது. அதற்கான எழுத்துக்களை ஐச்சாமணி என்ற உள்ளூர்க்காரர் மரத்தில் செதுக்கினார். உலோகத்தில் வார்க்கப்பட்ட ஒரு லிபி நூறு வருஷம் கழித்து மரத்துக்குத் திரும்பியிருக்கிறது. ஐச்சாமணியைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் செய்தது அசாத்தியமான காரியம். ஆனால் அவருக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் மிஞ்சியிருக்கவில்லை என்பது அந்த மர எழுத்திலேயே தெரிகிறது.

அச்சான பக்கத்தைப் பார்த்து எழுத்து வார்க்கக் கற்க முடியாது. எஃகுத் தண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். அந்த எஃகைச் சூடேற்றிக் கடினமாக்கி, செம்புத் துண்டில் ஒரே அடியாக இறக்க வேண்டும். செம்பில் விழுந்த குழியை அச்சுப் பெட்டியில் பொருத்தி உருக்கிய ஈயக் கலவையை ஊற்ற வேண்டும். எவ்வளவு சூடு, அடி எவ்வளவு ஆழம், ஞ-வின் சுழி மையில் அடைபடாமலிருக்க உள்ளே எவ்வளவு இடம் விட வேண்டும் - எதையும் பக்கம் சொல்லாது. பக்கத்திலிருந்து செய்கிறவன்தான் சொல்ல வேண்டும், அதையும் வாயால் அல்ல.

மூன்றாவது தொடக்கம் தரங்கம்பாடி. சீகன்பால்கு 1706இல் வந்தார். தமிழ் எழுத்து தேவைப்பட்டபோது இங்கே வார்க்க ஆள் இல்லை. ஜெர்மனியில் ஹாலே நகரில் செய்வித்தார்கள். 1713இல் எழுத்துக்கள் வந்து சேர்ந்தன. பெரிய எழுத்துக்கள், காகிதத்தை விழுங்குபவை. புதிய ஏற்பாடு முழுவதையும் அந்த அளவில் போட்டால் கட்டுப்படியாகாது. வங்கியில் வேலை பார்ப்பவனுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரிகிறது. அவர்கள் மறுபடி ஹாலேக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கவில்லை. கூடவே வந்திருந்த ஆட்லர் அங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார். பக்கத்துப் பொறையாறில் வார்ப்படச்சாலை, காகித ஆலை எல்லாம் ஏற்பட்டன. 1715இல் புதிய ஏற்பாடு முழுமை பெற்றது.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டு வருஷங்கள்தான். வாங்குவது பாபம் என்று காந்தீயர் பாணியில் நான் வாதிக்கவில்லை. தரங்கம்பாடிக்காரர்களும் வாங்கியவர்களே. ஆனால் வாங்கிய பொருளை நிறுத்துப் பார்த்து 'இது பெரிது' என்று சொல்லவும், சொன்ன கையோடு சிறியதைச் செய்யவும் ஒரு ஆள் அவர்களிடம் இருந்தார். செய்யத் தெரிந்தவன் இல்லாத இடத்தில் வாங்கிய பொருளின் அளவே நமது அளவாகிவிடும். (நமது விமர்சனத்தில் பாரிஸிலிருந்து வந்திறங்கிய அமைப்பியலுக்கு நேர்ந்ததும் இதுதான் என்பேன். நம் செய்யுளுக்கு அது பெரிதா சிறிதா என்று நிறுத்துப் பார்த்தவர்கள் சொற்பம்.)

அப்புறம் வந்த நீண்ட ஈய யுகத்தை இங்கே விவரிக்கப்போவதில்லை. அதன் முடிவு மட்டும் போதும். 1978இல் தமிழக அரசின் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணை, லை, றா போன்றவற்றின் பழைய உருவங்கள் கேஸிலிருந்து கழிந்தன. அடுத்த இருபது வருஷத்துக்குள் கேஸே கழிந்தது. ஆஃப்செட்டும் கணிப்பொறியும் வந்தபோது ஈயம் எடைக்குப் போயிற்று. ஈயத்துக்காவது ஒரு விலை கிடைத்தது. தலைகீழ் எழுத்தை ஓட்டமாகப் படித்து, விரல் நுனியாலேயே தேய்ந்த எழுத்தைக் கண்டுபிடித்து ஒதுக்கிய கம்பாசிட்டரின் தேர்ச்சியை யாரும் எடை போடவில்லை. அவர் பிள்ளைகளுக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

கணித்தமிழின் எழுத்துருக்களும் மறுபடி தொடக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தன, அதிலும் பெரும்பங்கு தமிழகத்துக்கு வெளியே. மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்ற சிலர் ஒவ்வொரு எழுத்தையும் புதிதாக வரைய வேண்டியிருந்தது. நாலாவது தடவை என்று இதை எண்ணலாமா தெரியவில்லை. நாம் பட்டியலைத் திறந்து ஒரு எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கிறோம். சிறிய அளவில் ஞ-வின் சுழி அடைத்துக்கொண்டால் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கிறோம்.