ஆய்வுக் கிணறும் கேட்கும் உரிமையும்: மதுரைச் சமவெளி முதல் மன்னார் வளைகுடா வரை சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு இந்தியச் சட்டத்தில் அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. 1994 முதல் 2020 வரையிலான அறிவிக்கைகள், இராமநாதபுரம் - மன்னார் வளைகுடாப் பகுதியின் எண்ணெய்த் தேடல், மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியின் டங்ஸ்டன் ஏலம் ஆகியவை ஒப்பிடப்படுகின்றன. தேடல் நிலையிலேயே மக்கள் கருத்துக்கு இடமளிக்காத மதிப்பீடு, முன்பே எடுக்கப்பட்ட முடிவுக்குப் பின் நிகழும் சடங்காகிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: தாக்க மதிப்பீடு, கருத்துக் கேட்புக் கூட்டம், காவிரிப் படுகை, மன்னார் வளைகுடா, அரிட்டாபட்டி.

முன்னுரை

மதுரையைக் கடலிலிருந்து விலகிய உள்நாட்டு நகராகக் கருதுவது வழக்கம். ஆனால் கொற்கைத் துறையின் முத்து பாண்டியரின் செல்வமாக விளங்கியது. மதுரையைக் கடந்து செல்லும் வைகை, ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் நீரிணைப் பகுதியில் முடிகிறது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டே இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்பட்டது. 2004 ஜூலை 24 முதல் இயங்கும் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் அதிகார எல்லைக்குள் இராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய கடலோர மாவட்டங்களும் அடங்கும். ஆகவே மன்னார் வளைகுடாவில் துளையிடப்படும் கிணறு, நிலவியலாலும் நிருவாகத்தாலும் மதுரை வட்டாரத்தோடு தொடர்புடையதே.

தேடலின் தொடக்கம்

நிலவியலார் குறிப்பிடும் காவிரிப் படுகை, ஆற்றின் கழிமுகத்தோடு நிற்பதன்று. இராமநாதபுரம், பாக் நீரிணை, மன்னார் வளைகுடா ஆகியவற்றின் அடியிலும் அது பரவியுள்ளது. 1964இல் காரைக்கால் அருகே இப்படுகையின் முதல் ஆழ்கிணறு தோண்டப்பட்டது. 1985இல் நரிமணத்தில் எண்ணெய் கண்டறியப்பட்டது. கடலின் மறுகரையில் 1970களில் மன்னார்த் தீவின் பேசாலையில் இலங்கை அரசு துளையிட்டது. 2011இல் இலங்கைக்குரிய மன்னார்ப் படுகையில் எரிவாயு கண்டறியப்பட்டது.

முதற்கட்டத் தேடல்கள் நிகழ்ந்த காலத்தில் சுற்றுச்சூழல் தாக்கத்தை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இந்தியாவில் இல்லை. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு)ச் சட்டம் 1986இல்தான் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. கடலைக் காக்கும் எல்லைக்கோடும் எண்ணெய் தேடும் எல்லைக்கோடும் ஒரே நீர்ப்பரப்பின்மீது வரையப்பட்டன.

அறிவிக்கைகளின் வரலாறு

1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1994 ஜனவரி 27இல் முதல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வெளியானது. எண்ணெய், எரிவாயுத் தேடல் அதன் பட்டியலில் இடம்பெற்றது. 1997 ஏப்ரலில் செய்யப்பட்ட திருத்தம் பொதுமக்கள் கருத்துக் கேட்பைக் கட்டாயமாக்கியது. பிந்தைய திருத்தமொன்று கடல்சார் தேடலுக்கு விலக்கு அளித்தது. குடியிருப்புக் கிராம எல்லையிலிருந்தும் பவளத்திட்டு, அலையாத்திக்காடு, மீன் இனப்பெருக்கப் பகுதி போன்ற நுண்ணுணர்வுப் பகுதிகளிலிருந்தும் 10 கிலோமீட்டருக்கு அப்பால் நடைபெறும் தேடலுக்குக் கருத்துக் கேட்பு வேண்டியதில்லை என்றானது. குடியிருப்பைப் பொறுத்தவரை இவ்விதி, மீனவர் வாழும் இடத்திலிருந்து தொலைவை அளந்தது; அவர் தொழில் செய்யும் இடத்தை அளவுகோலாகக் கொள்ளவில்லை.

2006 செப்டம்பர் 14 அறிவிக்கை, நிலத்திலும் கடலிலும் எண்ணெய், எரிவாயுவைத் தேடுதல், வயலை மேம்படுத்துதல், உற்பத்தி செய்தல் ஆகிய மூன்றையும் ஒருசேர ‘ஏ’ பிரிவில் வைத்தது. ஒன்றிய அரசின் மதிப்பாய்வும் மாநில மொழியில் திட்ட அறிக்கைச் சுருக்கமும் கருத்துக் கேட்பும் இதனால் தேடல் நிலைக்கும் உரியவையாயின. துளையிடுதல் இல்லாத ஆய்வுகளுக்கு மட்டும் நிபந்தனையுடன் விலக்கு இருந்தது.

2020 ஜனவரி 16இல் வெளியான திருத்தம் இம்மூன்றையும் பிரித்தது. மேம்பாடும் உற்பத்தியும் ‘ஏ’ பிரிவிலேயே நீடித்தன. தேடல் மட்டும் ‘பி2’ பிரிவுக்கு மாற்றப்பட்டது. இப்பிரிவுக்கு முழுமையான தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் தேவையில்லை. கருத்துக் கேட்புக் கூட்டமும் தேவையில்லை. மாநில அளவிலான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமே அனுமதி வழங்கலாம்.

‘தேடல்தானே’ என்னும் வாதம்

இம்மாற்றத்திற்கு ஆதரவாகக் கூறத்தக்க வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. தேடல் கிணறு சில மாதங்களில் முடிவது. பல கிணறுகள் பயனற்றவையென மூடப்படுகின்றன. உற்பத்தி வயலுக்குரிய முழு மதிப்பீட்டை ஒவ்வொரு கிணற்றுக்கும் கோருவது மிகை எனலாம். எனினும் தேடல் நிலையிலேயே துளையிடு சேறும் பாறைத் துகள்களும் கடலடியில் படிகின்றன. நில அதிர்வு ஆய்வின் ஒலி நீரில் நெடுந்தொலைவு பரவுகிறது. துளையிடும் மேடையைச் சுற்றி மீன்பிடிப்பு தடைப்படுகிறது.

வலுவான சான்று மெக்சிகோ வளைகுடாவில் கிடைக்கிறது. 2010 ஏப்ரல் 20இல் வெடித்துப் பதினொருவர் உயிரிழக்கக் காரணமான மகோண்டோ கிணறு ஒரு தேடல் கிணறே. அதன் தேடல் திட்டத்துக்கு விரிவான சுற்றுச்சூழல் ஆய்விலிருந்து அமெரிக்க அரசு விலக்கு அளித்திருந்தது. தேடலின் தாக்கம் இயல்பிலேயே சிறிது என்னும் எடுகோளை இந்நிகழ்வு மறுக்கிறது.

மாநிலத்தின் இருநிலை

2020 ஜனவரித் திருத்தத்தைத் திரும்பப் பெறுமாறு அன்றைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் அதில் அடங்கின. இராமநாதபுரமும் சிவகங்கையும் அதன் எல்லைக்குள் இல்லை, கடற்பரப்பும் இல்லை.

இவ்விடைவெளி 2025இல் வெளிப்பட்டது. மன்னார் வளைகுடாவை ஒட்டிய சுமார் 9,990 சதுர கிலோமீட்டர் ஆழ்கடல் தொகுதி ஏலத்துக்கு அறிவிக்கப்பட்டதை எதிர்த்து முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினார். அதே ஆண்டில் இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் 20 ஆய்வுக் கிணறுகளுக்கு ஓ.என்.ஜி.சி. நிறுவனம் மாநில ஆணையத்திடம் அனுமதி பெற்ற செய்தி வெளியானது. ஆகஸ்டில் அமைச்சர் தங்கம் தென்னரசு, ஹைட்ரோகார்பன் திட்டத்தை அரசு அனுமதிக்காது என்றும், அனுமதியைத் திரும்பப் பெற ஆணையத்துக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது என்றும் தெரிவித்தார். மாநில அரசு எதிர்க்கும் திட்டத்துக்கு மாநில அளவிலான ஆணையமே அனுமதி அளித்தது. ‘பி2’ நடைமுறையில் கருத்துக் கேட்பு இல்லாததால், அக்கிராமங்களின் எதிர்ப்பு அனுமதிக்கு முன் பதிவாக வழியும் இல்லை.

அரிட்டாபட்டி: தரையில் ஓர் ஒப்பீடு

மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியில் தமிழி கல்வெட்டும் சமணப் படுக்கையும் பாண்டியர் காலக் குடைவரையும் உள்ளன. 2022 நவம்பரில் 193.215 ஹெக்டேர் பரப்பு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பர் 7இல் இத்தலத்தையும் உள்ளடக்கிய 2,015.51 ஹெக்டேர் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஒன்றிய அரசின் ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அளிக்கப்படவிருந்தது தேடலையும் சுரங்கத்தையும் ஒருங்கிணைத்த உரிமம். தாக்க மதிப்பீடு தொடங்கும் முன்பே நிலம் யாருக்கு என்பது முடிவாகிவிட்டது.

மக்கள் பேசிய இடங்கள் வேறு. நவம்பரில் கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7இல் மேலூர்ப் பகுதியினர் மதுரைத் தல்லாகுளம் நோக்கிப் பேரணியாக வந்தனர். ஜனவரி 23இல் ஒன்றியச் சுரங்க அமைச்சகம் ஏலத்தை இரத்து செய்தது.

இவ்வெற்றி நடைமுறையின் வெற்றியன்று; நடைமுறைக்கு வெளியே கிடைத்தது. கல்வெட்டும் கிராம சபையும் பட்டா நிலமும் நகரச் சாலையும் அம்மக்களுக்குத் துணைநின்றன. கடலுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. கடற்பரப்புக்குக் கிராம சபை இல்லை. மரபாக மீன்பிடிக்கும் நீர்ப்பரப்புக்கு மீனவரிடம் பட்டா இல்லை. கடற்புல்வெளியை மேயும் ஆவுளியா பேரணி வர இயலாது. எனவே தரையைவிடக் கடலுக்கே முறையான கருத்துக் கேட்பு இன்றியமையாதது. சட்டமோ கடலில் அதனை முதலில் சுருக்கி, பின்னர் தேடல் முழுவதற்கும் நீக்கியது.

முடிவுரை

1994 முதல் 2020 வரையிலான வரலாறு, கேட்பு தோன்றி, விரிந்து, தேடல் நிலையிலிருந்து விலகியதைக் காட்டுகிறது. தொகுதி ஏலம், தேடல் அனுமதி, துளையிடல் ஆகிய மூன்றும் முடிந்த பின் உற்பத்திக்கு நடத்தப்படும் கூட்டத்தில், முதலீடு செய்த நிறுவனமும் வருவாயை எதிர்நோக்கும் அரசும் ஒருபுறம் நிற்க, மக்களிடம் ‘வேண்டுமா?’ என்று கேட்கப்படுவதில்லை, ‘எப்படி?’ என்று மட்டுமே கேட்கப்படுகிறது. தேடல் கிணற்றுக்கான மதிப்பீட்டு அறிக்கையின் அளவு திட்டத்துக்கேற்பச் சுருங்கலாம். கேட்கும் உரிமை அவ்வாறு சுருங்கத்தக்கதன்று. ஏலத்துக்கு முன்பே தொடங்கும் கேட்பு, கடலில் தொழில் செய்யும் இடத்தையே எல்லையாகக் கொள்ளும் கேட்பு ஆகிய இரண்டும் சட்டத்தில் இடம்பெறும் வரை, அரிட்டாபட்டி மக்கள் சாலையில் பெற்றதைப் பாம்பன் மீனவர் எங்கே பெறுவது என்ற வினா விடையின்றியே நிற்கும்.