சென்னை அணுமின் நிலையம்

சென்னை அணுமின் நிலையம் செங்கல்பட்டு மாவட்டத்தில், ஒல்லாந்தர் கோட்டையால் அறியப்படும் சதுரங்கப்பட்டினத்தை அடுத்த கல்பாக்கத்தில், வங்கக் கடலோரம் அமைந்துள்ள மின்னுற்பத்தி நிலையம் ஆகும். பெயரில் சென்னை இருப்பினும், இது அந்நகருக்கு ஏறத்தாழ 70 கி.மீ. தெற்கே உள்ளது. இந்தியா வெளிநாட்டு உதவியின்றிக் கட்டி முடித்த முதல் அணுமின் நிலையம் இதுவாகும்.

பின்னணி

1945 இல் ஹிரோசிமா, நாகசாகி நகரங்களை அழித்த அணுவாற்றலைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் முயற்சிகள் 1950களில் வளர்ந்தன. இந்தியா, கனடாவின் உதவியுடன் இராசத்தானில் அணு உலைகளை அமைக்கத் தொடங்கியது. கல்பாக்கத்திலும் அதே வகை உலைகளின் கட்டுமானம் நடைபெற்று வந்தது.

1974 மே 18 அன்று இந்தியா பொக்ரானில் அணு வெடிப்புச் சோதனை நிகழ்த்தியது. கனடா வழங்கிய ஆய்வு உலையில் உருவான புளுட்டோனியம் அதில் பயன்படுத்தப்பட்டதால், கனடா தனது அணுசக்தி உதவியை நிறுத்தியது. எனவே எஞ்சிய பணிகளை இந்தியப் பொறியாளர்களும் உள்நாட்டுத் தொழிற்சாலைகளுமே நிறைவேற்ற வேண்டியதாயிற்று.

உலைகள்

இங்குள்ள இரண்டு உலைகளும் இயற்கை யுரேனியத்தை எரிபொருளாகவும் கனநீரைக் குளிர்விப்பானாகவும் கொண்டவை. முதல் உலையில் 1983 சூலை 2 அன்று அணுக்கருத் தொடர்வினை தொடங்கியது. அது 1984 சனவரியிலும், இரண்டாம் உலை 1986 மார்ச்சிலும் வணிக முறையில் மின்னுற்பத்தியைத் தொடங்கின. நரோரா, கக்ராபார், கைகா ஆகிய இடங்களில் பின்னர் எழுந்த இந்திய உலைகளுக்குக் கல்பாக்கத்தில் பெற்ற பட்டறிவு அடிப்படையாக அமைந்தது.