உயிர் காக்கப் பறந்த விமானங்கள்



பட்டர்வொர்த் பக்கம் விமானம் பறந்தால், "அதோ ஏரோப்ளேன்!" என்று நம் பிள்ளைகள் கை தட்டுவார்கள். அது சண்டை விமானங்களின் தளம் என்பது எல்லாருக்கும் தெரியும். காயம்பட்டவர்களை ஏற்றி வந்த விமானங்களும் அங்கே இறங்கியதுண்டு. அந்தச் சரித்திரத்தைச் சற்றுப் பார்ப்போம்.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் வீட்டுக்கு வீடு பல மைல் தூரம். டாக்டர் வந்து சேருமுன் நோயாளி இறந்துவிடுவார். இதைக் கண்டு வருந்திய ஜான் ஃபிளின் என்ற பாதிரியார், 1928 மே மாதம் குவீன்ஸ்லாந்தின் குளோன்கரி என்ற ஊரில் பறக்கும் டாக்டர் சேவையைத் தொடங்கி வைத்தார். விமானம் கிடைத்துவிட்டது. ஆனால் நோயாளி இருக்கும் செய்தியை யார் சொல்வது? ஆல்ஃபிரட் டிரேகர் என்பவர், சைக்கிள் மிதிப்பதுபோல் காலால் மிதித்தே மின்சாரம் எடுக்கும் ரேடியோவைச் செய்து கொடுத்தார். அதன்பிறகுதான் தூரத்து வீடுகளின் அழைப்பு டாக்டரின் காதில் விழுந்தது.

நம் நாட்டில் 1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வர நாள் கணக்கில் ஆகும். 1950-இல் சிங்கப்பூர் செலேத்தாரில் பிரிட்டிஷ் விமானப்படை, காயமுற்றோரை ஏற்றிச் செல்ல டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர்களைக் கொண்ட ஒரு பிரிவை அமைத்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், ஜொகூரில் காயமடைந்த ஒரு போலீஸ்காரரை அது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஹெலிகாப்டருக்கு ஓடுபாதை வேண்டியதில்லை. ஆனாலும் காட்டுக்குள் அது இறங்க, கீழே உள்ளவர்கள் மரங்களை வெட்டி இடம் பண்ண வேண்டும்.

இனி நம் பட்டர்வொர்த்துக்கு வருவோம். 1941-இல் திறக்கப்பட்ட இந்தத் தளம், 1958-இல் ஆஸ்திரேலிய விமானப்படையின் பொறுப்புக்கு வந்தது. அங்கே 4-ஆம் எண் ஆஸ்பத்திரி இயங்கியது. வியட்நாம் போரில் காயம்பட்ட ஆஸ்திரேலியச் சிப்பாய்களை வுங் தாவ் நகரிலிருந்து ஹெர்குலிஸ் விமானத்தில் இங்கே கொண்டுவந்தார்கள். இரவு இந்த ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, பிறகு தாய்நாட்டுக்கு அனுப்பினார்கள். விமானத்தில் தாதியரும் கூடவே பறந்தார்கள். 1988-இல் தளம் மலேசிய விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. கிழக்கே சரவாக்கில் 1973 முதலே பறக்கும் டாக்டர் சேவை நடந்து வந்தது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? விமானம் மட்டும் உயிரைக் காப்பாற்றிவிடவில்லை. ரேடியோவை மிதித்தவர், மரம் வெட்டியவர், ஸ்டிரெச்சர் தூக்கியவர், எஞ்சினைச் சரிபார்த்த மெக்கானிக், இரவெல்லாம் கண்விழித்த தாதி என்று பல கைகள் சேர்ந்தன. ஒரு கை தவறினாலும் விமானம் வந்து பயனில்லை.

நம் தோட்டங்களில் என்ன நடந்தது? "இன்னிக்குச் சம்பளம் போயிடுமே, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று காய்ச்சலை மறைத்தவர்கள் எத்தனை பேர்! பாம்பு கடித்த பிறகும் மந்திரிக்கப் போய் நேரத்தைக் கடத்தியவர்கள் எத்தனை பேர்! வண்டி வாசலில் நின்றாலும், வாய் திறந்து சொல்ல ஆள் வேண்டுமே!

ஆகவே பெற்றோர்களே, உடம்புக்கு முடியவில்லை என்றால் உடனே சொல்லுங்கள். மாணவர்களே, முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள். வீட்டு விலாசத்தையும் வழியையும் போனில் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். நாளை உங்களில் ஒருவர் டாக்டராகலாம், தாதியாகலாம், விமான மெக்கானிக்காகலாம். அதுவரை, ஆபத்தில் முதலில் குரல் கொடுப்பவராக இருங்கள். அங்கேதான் உயிர் காக்கும் வேலை தொடங்குகிறது.