முதுகு திறந்த பாஞ்சோ

பாஞ்சோ என்பது தண்டி பொருத்திய ஒரு பறை. வட்டச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய தோல், தோலின் மேல் நிற்கும் குதிரை, குதிரையைத் தாண்டி ஓடும் ஐந்து தந்திகள். நான்கு தந்திகள் தண்டியின் நுனிவரை செல்ல, ஐந்தாவது மட்டும் நடுவழியில் தனிப் பிரடையில் நின்றுவிடும். சட்டத்தின் பின்புறத்தை மூடாமல் விட்டால் அது முதுகு திறந்த பாஞ்சோ. அங்கே ஒரு மரக் கிண்ணத்தைப் பூட்டினால் ரெசனேட்டர் பாஞ்சோ. முதல் வகை இரண்டு கிலோவுக்கும் குறைவான எடையில் கிடைக்கும். இரண்டாவது வகை ஐந்து கிலோவை எட்டுவது சாதாரணம். லேசான முதல் வகையைக் கற்பவர்களுக்கும் பயணிகளுக்கும் உரியது என்று சொல்லி விற்பதால், அது பெரிய கருவியிலிருந்து சிலவற்றைக் குறைத்துச் செய்த மலிவுப் பதிப்பு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நடந்தது நேர்மாறானது. பாஞ்சோ லேசாகவே பிறந்தது. ஓசை போதவில்லை என்பதற்காகக் கனம் பின்னால் ஏற்றப்பட்டது. (இந்தியாவில் பல ஊர்களில் பாஞ்சோ என்று சொல்லப்படும், கட்டைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாரா வேறு கருவி, அதன் மூலம் ஜப்பான்.)

இதன் முன்னோர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். செனகல், காம்பியா பகுதியில் வாழும் ஜோலா மக்களின் அகொன்டிங்கை எடுத்துக்கொண்டால், சுரைக்குடுக்கையின் வாயில் ஆட்டுத்தோல், குடுக்கையை ஊடுருவிச் செல்லும் கழி, மூன்று தந்திகள்; அவற்றில் ஒன்று குட்டை. வாசிப்பவர் விரல் நகத்தால் நீண்ட தந்தியைக் கீழ்நோக்கி அடிக்கிறார். உடனே கட்டை விரல் குட்டைத் தந்தியைச் சுண்டுகிறது. அமெரிக்க மலைநாட்டில் கிளாஹாமர் என்று வழங்கும் பாஞ்சோ வாசிப்பும் இதே அசைவுதான். காம்பியாவைச் சேர்ந்த டேனியல் ஜாட்டா 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாஞ்சோ சேகரிப்பாளர்களின் கூட்டத்தில் அகொன்டிங்கை அறிமுகப்படுத்தியபோது இந்த ஒற்றுமை பலரை வியப்பில் ஆழ்த்தியது. ஆனாலும் ஒரே ஒரு கருவியைத் தாய் என்று சொல்லிவிட முடியாது. இங்கோனி, ஹலம் என்று மேற்கு ஆப்பிரிக்காவில் தோல்முகத் தந்திக் கருவிகள் பல உண்டு. அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்கள் பல இனத்தவர். கரீபியத் தீவுகளில் அவர்களின் கைப்பழக்கங்கள் ஒன்றாகக் கலந்தன.

பெரும்பாலோரால் கருவியைக் கொண்டுவர முடியவில்லை. செய்யும் அறிவை நினைவில் கொண்டுவந்தார்கள். 1687இல் ஜமைக்கா சென்ற மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் அங்கே கண்ட இத்தகைய கருவிகளின் படத்தை 1707இல் தம் பயண நூலில் வெளியிட்டார். தென் கரோலினாவில் ஜான் ரோஸ் என்பவர் 1780களின் பிற்பகுதியில் வரைந்ததாகக் கருதப்படும் நீர்வண்ண ஓவியத்தில், தோட்ட அடிமைகளின் ஆட்டத்துக்கு ஒருவர் சுரைக்குடுக்கைப் பாஞ்சோ வாசிக்கிறார். அந்தக் கருவியில் குட்டைத் தந்தி தெளிவாகத் தெரிகிறது. இந்தச் சிறு விவரம் ஒரு பழங்கதையை உடைத்துவிட்டது. குட்டைத் தந்தியைக் கண்டுபிடித்தவர் வர்ஜீனியாவின் ஜோயல் வாக்கர் ஸ்வீனி என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். ஸ்வீனி பிறந்ததே 1810இல்தான்.

ஸ்வீனி செய்தது வேறு. கறுப்பின மக்களிடம் பாஞ்சோ கற்று, அதை மேடையில் வாசித்துப் பெயர் பெற்ற முதல் வெள்ளையர்களில் அவர் ஒருவர். சர்க்கஸ் குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றினார். 1843இல் பிரிட்டனுக்கும் போனார். அதே ஆண்டு நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் குழு அரங்கேறியது. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிய அந்த நிகழ்ச்சிகளின் நடுநாயகக் கருவி பாஞ்சோ. கருவி நாடு முழுவதும் பரவியது இந்த அவமதிப்பின் தோளில் ஏறித்தான். கறுப்பினக் கலைஞர்கள் பலர் பின்னாளில் பாஞ்சோவை விட்டு விலகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊர் சுற்றும் கலைஞனுக்குச் சுரைக்குடுக்கை ஒத்துவரவில்லை. வண்டி குலுங்கினால் விரிசல் விடும். ஒன்றைப்போல் மற்றொன்று விளையாது. தோலை ஆணியடித்து ஒட்டிவிட்டால், ஈரக்காற்றில் அது தொய்ந்ததும் மறுபடி முறுக்க வழியில்லை. மழைநாளில் கஞ்சிராக்காரர் படும் பாட்டைக் கண்டவர்களுக்கு இது புரியும். தீர்வு பறை செய்பவர்களிடமிருந்து வந்தது. ஜெர்மனியில் பிறந்து பால்டிமோர் நகரில் பறைகள் செய்துவந்த வில்லியம் பூஷே 1840களில் பாஞ்சோ செய்யத் தொடங்கினார். மெல்லிய மரப்பட்டையை வளைத்து வட்டச் சட்டமாக்கி, அதன் மேல் தோலை விரித்து, இரும்பு வளையத்தால் அழுத்தி, சுற்றிலும் கொக்கிகளையும் திருகுகளையும் வைத்தார். இனி சாவியைத் திருகினால் தோல் இறுகும். மெட்டுகள் இல்லாத வழவழப்பான தண்டி, நரம்புத் தந்திகள், திறந்த முதுகு. முதுகை மூட வேண்டும் என்ற எண்ணமே அப்போது யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. இன்றைய முதுகு திறந்த பாஞ்சோவின் அமைப்பு ஏறக்குறைய முழுவதும் இங்கேயே முடிவாகிவிட்டது.

கற்பவர்களும் அதே காலத்தில் வந்தார்கள். தாமஸ் பிரிக்ஸ் எழுதிய பாடநூல் 1855இல் பாஸ்டனில் அச்சாயிற்று. காதால் கேட்டுக் கற்ற வாசிப்பு முதன்முறையாக விரிவான இசைக்குறிப்பாக ஏட்டில் ஏறியது. நகத்தால் கீழ்நோக்கி அடிப்பது, கட்டை விரல் குட்டைத் தந்திக்கு எப்போது செல்வது என்பதையெல்லாம் அது வரிசையாகச் சொன்னது. தென்னாட்டுப் படைகளின் குதிரைப்படைத் தளபதி ஜெப் ஸ்டூவர்ட் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஜோயலின் தம்பி சாம் ஸ்வீனியைத் தம் முகாமிலேயே வைத்துக்கொண்டார். குதிரைப்படையோடு போகும் வாத்தியம் லேசாகத்தான் இருக்க முடியும். சாம் 1864 தொடக்கத்தில் பெரியம்மையில் இறந்தார்.

போர் முடிந்த பிறகு பாஞ்சோவுக்கு வேறொரு ஆசை வந்தது. பிலடெல்பியாவில் எஸ். எஸ். ஸ்டூவர்ட் (தளபதிக்கு உறவில்லை) பாஞ்சோவை வீட்டுக் கூடத்துக்கும் கச்சேரி மேடைக்கும் ஏற்ற கனவான் வாத்தியமாக்க முனைந்தார். அதற்காக 1882 முதல் ஓர் இதழே நடத்தினார். அதில் தம் கருவிகளுக்கான விளம்பரம் எது, கலைச் சேவை எது என்று பிரிப்பது கடினம். மெட்டுகள் பொதுவழக்காயின. மரச் சட்டத்தைச் சுற்றி உலோகத் தகடு போர்த்தப்பட்டது. பாஸ்டனில் ஃபேர்பேங்க்ஸ் நிறுவனம் தோலுக்கும் சட்டத்துக்கும் இடையே உலோக வளையம் வைக்கத் தொடங்கியது. 1890இல் வந்த அதன் எலெக்ட்ரிக் பாஞ்சோவில் மின்சாரம் ஒரு துளியும் இல்லை. அந்தக் காலத்தில் அது கவர்ச்சியான பெயர், அவ்வளவுதான். 1901இல் ஒயிட் லேடி, நிறுவனம் வேகாவின் கைக்கு மாறிய பின் 1909இல் டியூபாஃபோன் என்று வளையங்கள் நுட்பமாகிக்கொண்டே போயின. ஒவ்வொரு வளையமும் நாதத்தைத் தெளிவாக்கியது, நீளச் செய்தது; தோளில் சற்றுக் கனமும் சேர்த்தது. ஆனால் இவையெல்லாம் முதுகு திறந்தவையே. கிளாஹாமர் வாசிப்பவர்கள் இன்றும் இந்தப் பழைய பாஞ்சோக்களைத் தேடிப் பெரும் விலை கொடுக்கிறார்கள்.

நகரத்தில் இப்படி ஆடம்பரம் ஏறிக்கொண்டிருந்தபோது, அப்பலாச்சிய மலைகளில் கதை வேறு திசையில் போனது. சியர்ஸ் ரோபக் போன்ற அஞ்சல்வழிக் கடைகளின் விலைப்பட்டியல்கள் மலிவான பாஞ்சோவை மலைக் குடிசைவரை கொண்டுசேர்த்தன. அதையும் வாங்க முடியாதவர்கள் தாங்களே செய்தார்கள். வட கரோலினாவின் ஃபிராங்க் புரோஃபிட் (1913–1965) வாசித்தது அந்த வகை: மரப்பலகைகளை அடுக்கிச் செய்த உடல், நடுவே சிறு வட்டத்தில் மட்டும் தோல், மெட்டில்லாத தண்டி. கிரவுண்ட்ஹாக் என்ற காட்டு அணில் இனத்தின் தோல் இதற்குப் பெயர் பெற்றது, பூனைத்தோலும் பயன்பட்டது. ஓசை சன்னமானது. குடிசைத் திண்ணையில் பாட்டுக்குத் துணையாக வாசிக்க அதற்கு மேல் தேவையுமில்லை.

முதுகை மூடிய தேவை நடன அரங்கிலிருந்து பிறந்தது. 1910களிலும் 1920களிலும் ஜாஸ் குழுக்களில் ஊதுகருவிகளுக்கு நடுவே பாஞ்சோ கேட்டாக வேண்டும், ஒலிபெருக்கி இல்லை. எஃகுத் தந்தியும், தட்டு வடிவ மீட்டுகோலும், வாசிப்பவரின் வயிற்றில் பட்டு மழுங்கும் ஓசையை முன்னால் திருப்பி அனுப்பும் ரெசனேட்டரும் அப்போது நிலைபெற்றன. கிப்ஸன் 1925இல் கொண்டுவந்த மாஸ்டர்டோன் வரிசை இந்தப் போக்கின் உச்சம். இவ்வகைப் பாஞ்சோவில் தோலுக்கடியில் இருக்கும் வெண்கல வளையம் மட்டுமே ஏறத்தாழ 1.3 கிலோ, அதாவது லேசான முதுகு திறந்த பாஞ்சோ ஒன்றின் மொத்த எடையில் பாதிக்கும் மேல். 1945 இறுதியில் பில் மன்ரோவின் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல்களில் வாசித்துக் காட்டிய வேகத்துக்கு இந்தக் கனத்த கருவி கச்சிதமாகப் பொருந்தியது. அந்த வாசிப்பு இடம்பெறும் புளூகிராஸ் இசை என்றால் ரெசனேட்டர் என்ற வழக்கு அங்கிருந்து தொடங்குகிறது.

பயணத்தில் கனம் தடை என்பதற்கு ஒரு விதிவிலக்கு வரலாற்றில் உண்டு. 1915 அக்டோபரில் அண்டார்டிக் பனியில் எண்டியூரன்ஸ் கப்பல் நொறுங்கியபோது, பயணத் தலைவர் ஷாக்கிள்டன் ஆளுக்கு இரண்டு பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவான சொந்தப் பொருளை மட்டுமே அனுமதித்தார். வானிலையாளர் லியோனார்ட் ஹஸ்ஸியின் பாஞ்சோ சுமார் 12 பவுண்டு. பர்மிங்காமில் செய்த அந்தக் கருவி முதுகு மூடிய ஜிதர் பாஞ்சோ வகை. அதை விட்டுவிடக் கூடாது என்று உத்தரவிட்டவர் ஷாக்கிள்டனே. ஆட்களின் மனம் தளராமல் இருக்க அது மருந்து என்பது அவர் கருத்து. எலிஃபன்ட் தீவில் 22 பேர் நான்கு மாதங்களுக்கு மேல் மீட்புக்காகக் காத்திருந்தபோது அந்தப் பாஞ்சோ வாரந்தோறும் ஒலித்தது. இப்போது அது கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

லேசான கருவியை மறுபடி கற்பவர்களின் கையில் கொடுத்ததில் பாடகர் பீட் சீகருக்குப் பெரும் பங்கு உண்டு. 1936இல் ஆஷ்வில் நகரில் நடந்த மலைநாட்டு இசைவிழாவில் ஐந்து தந்திப் பாஞ்சோவைக் கேட்டு அதில் ஈடுபட்டவர் அவர். 1948இல் அவர் சைக்ளோஸ்டைல் செய்து வெளியிட்ட பாடநூலே பின்வந்த தலைமுறைகளுக்கு வாத்தியார். ஆனால் அவர் தமக்காக வடிவமைத்துக்கொண்ட பாஞ்சோ பயணிக்கு உகந்ததன்று. தம் குரலுக்கு ஏற்பச் சுருதியைத் தாழ்த்த, தண்டியில் மூன்று மெட்டுகளைக் கூட்டி அதை நீட்டிவிட்டார். கிங்ஸ்டன் டிரியோ என்ற பாடகர் குழு 1958இல் ‘டாம் டூலி’ பாட்டால் நாடெங்கும் புகழ் பெற்றபோது மாணவர்கள் இந்த நீண்ட தண்டியையே கேட்டு வாங்கினார்கள். அந்தப் பாட்டு ஃபிராங்க் புரோஃபிட்டிடமிருந்து சேகரிக்கப்பட்டது; அவருடைய குட்டி மலைப் பாஞ்சோவைத்தான் யாரும் கேட்கவில்லை.

பயணத்துக்கு நீண்ட தண்டியைவிட உதவியது அதே 1950களின் இறுதியில் வந்த மைலார் பிளாஸ்டிக் தோல். கன்றுத்தோல் காற்றின் ஈரத்துக்கேற்பத் தளர்ந்தும் இறுகியும் சுருதியைக் குலைக்கும். மைலாருக்கு அந்தக் குணம் மிகக் குறைவு. சட்டமும் மாறியது. சிகாகோவின் ஹார்மனி நிறுவனம் 1960களில் பேக்கலைட்டில் வார்த்த சட்டத்தோடு மலிவான பாஞ்சோக்களை விற்றது. அவற்றை நாதத்துக்காகப் புகழ்ந்தவர்கள் குறைவு, அவற்றில் கற்றவர்கள் ஏராளம். கலிபோர்னியாவில் 1975இல் தொடங்கிய டீரிங் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் குட்டைம் வரிசையைக் கொண்டுவந்தது. மேப்பிள் மரத்தின் மூன்று அடுக்குகளால் ஆன சட்டம், உலோக வளையம் கிடையாது, 11 அங்குலத் தோல், எடை சுமார் 1.8 கிலோ. பொருட்களைப் பார்த்தால் இது பூஷேயின் பாஞ்சோவுக்குத்தான் நெருங்கிய உறவு. மெட்டுகளும் எஃகுத் தந்தியும் நவீனப் பிரடைகளும் கூடியிருக்கின்றன.

கற்கவும் கொண்டுசெல்லவும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர் எடைபோட வேண்டியவை இந்த வரலாற்றிலேயே இருக்கின்றன. உலோக வளையம் இல்லாதது லேசாகவும் மென்மையாகவும் ஒலிக்கும். தங்கும் விடுதியில் பக்கத்து அறைக்காரரை எழுப்பாது. 12 அங்குலச் சட்டம் தாழ்ந்த சுரங்களில் கனிவு தரும், ஆனால் பை பெரிதாகும். தண்டியில் 22 மெட்டுக்குப் பதில் 17 அல்லது 19 உள்ளவை குறுகியவை. விமானத்தில் தலைக்கு மேலுள்ள பெட்டியில் வைக்க எளிது. குறுகிய தண்டியில் தந்தி சற்றுத் தளர்ந்து நிற்பதால் வழக்கமான சுருதியில் கட்டினால் கடகடக்கலாம். தடித்த தந்தி போட வேண்டும், அல்லது சுருதியை உயர்த்த வேண்டும். தோலுக்கும் தண்டிக்கும் உள்ள கோணம், தந்தி மெட்டிலிருந்து நிற்கும் உயரம், குட்டைத் தந்தியின் பிரடை வழுக்காமல் நிற்பது ஆகிய மூன்றும் புதியவரின் விரலைக் காப்பாற்றுபவை. மலிவான கருவிகள் பெரும்பாலும் சறுக்குவதும் இங்கேதான். தண்டியின் தரத்தைவிடச் சட்டத்தின் பளபளப்பு வாங்குபவர் கண்ணில் முதலில் படுகிறது.

பழைய வடிவங்களும் மறையவில்லை. அமெரிக்க இசைக்கலைஞர் ரியானன் கிடன்ஸ் வாசிப்பது 1850களின் மெட்டில்லாத பாஞ்சோ ஒன்றின் மறுபடிவம். 2024இல் வெளியான பியான்ஸேயின் ‘டெக்சஸ் ஹோல்டெம்’ பாட்டில் கேட்கும் பாஞ்சோவும் அவர் வாசித்ததே. சுரைக்குடுக்கைப் பாஞ்சோவைச் செய்து விற்கும் கைவினைஞர்கள் அமெரிக்காவில் இன்று பலர். எல்லாவற்றிலும் லேசானது அதுதான். ஆனாலும் நெடும்பயணத்துக்கு அதை எடுத்துச் செல்பவர்கள் கெட்டியான பெட்டி ஒன்றும் வாங்க வேண்டியிருக்கிறது. எடையில் மிச்சம் பிடித்தது பெரும்பாலும் அதில் போய்விடும்.